கைக்கு எட்ட வேண்டும், தீக்கு எட்டக் கூடாது

அடுப்புக்கு மேலே ஒரு தட்டு மாட்ட அரை மணி நேரம் போதும் என்றுதான் நினைத்தோம். சுவரில் ஏற்கெனவே இருந்த ஆறு ஓட்டைகள் வேறு கதை சொல்லின.

எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு மேலே உள்ள சுவரில் ஆறு ஓட்டைகள் இருந்தன. குடிவந்த அன்று கவனிக்கவில்லை. பால் காய்ச்சுகிற பரபரப்பில் சுவரை யார் பார்க்கிறார்கள்? ஒரு வாரம் கழித்து, டைல்ஸில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. இரண்டை வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். இரண்டில் டூத் பேஸ்ட். வாடகைக்குக் குடியிருந்து பழகியவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். அட்வான்ஸ் திருப்பி வாங்கும் நாளில் ஹவுஸ் ஓனர் கண்ணை மறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. மிச்சம் இரண்டும் அடைக்கிற நிலையிலேயே இல்லை. காரை பெயர்ந்து பள்ளமாகி, அதன்மேல் ஒரு பூப்போட்ட ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது.

ஆறு ஓட்டை என்றால் மூன்று ஜோடி. மூன்று ஜோடி என்றால் மூன்று தட்டு. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் மூன்று முறை அங்கே தட்டு மாட்டியிருக்கிறார்கள், மூன்றும் நிலைக்கவில்லை. ஒரு ஜோடி அடுப்பிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். அடுத்தது அதற்கு ஓர் அடி மேலே. கடைசி ஜோடி என் தலைக்கும் மேலே, தரையிலிருந்து ஆறேகால் அடியில்.

அதே சுவரில் நான்காவது தட்டு மாட்டத்தான் நாங்களும் திட்டம் போட்டிருந்தோம். கையில் டேப்போடு என் கணவர் தயாராக நின்றார். "முதல்ல இந்த மூணும் ஏன் போச்சுன்னு பார்த்துடுவோம்" என்றேன். அப்படித் தொடங்கிய விசாரணைதான் இந்தக் கட்டுரை.

மிக்ஸி வந்தது, மேடை போனது

எல்லோருக்கும் அந்தச் சுவர்மேல் ஏன் கண்? வேறு இடம் இல்லை, அதனால்தான்.

சாப்பாட்டுக்குத் தனி இடம் இருக்கிற வீட்டில் சமையலறை 5 சதுர மீட்டர் இருந்தால் போதும், அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. அதாவது ஏறக்குறைய 54 சதுர அடி. விதி சொன்னது 'இதற்குக் கீழே போகாதே' என்று. அடுக்குமாடி கட்டுபவர்களில் பலர் அதை 'இதற்கு மேலே போகாதே' என்று படித்துக்கொண்டார்கள்.

அந்த 54 சதுர அடிக்குள் என்னென்ன வந்து சேர்ந்தன! 2006-2011 தி.மு.க. ஆட்சியில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு இலவச எரிவாயு அடுப்பு வந்தது. 2011-ல் அமைந்த அ.தி.மு.க. ஆட்சியில் இலவச மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன. தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியும் இண்டக்‌ஷன் அடுப்பும் நாமாக வாங்கி வைத்தவை. எல்லாம் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டன. மேடை மட்டும் ஓர் அங்குலம்கூட நீளவில்லை. உப்பு ஜாடியும் அஞ்சறைப் பெட்டியும் எண்ணெய்த் தூக்கும் ஒண்ட இடமில்லாமல் நிற்க, எதிரே வெறுமையாக ஒரு சுவர். ஆசை வராமல் என்ன செய்யும்?

போதாக்குறைக்கு, போனைத் திறந்தால் வெளிநாட்டுச் சமையலறைப் படங்கள். அடுப்புக்கு மேலே அழகான மரப் பலகை; அதில் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள், ஓரத்தில் ஒரு சின்னச் செடி. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால், அந்த அடுப்பில் யாரும் அப்பளம் பொரித்ததில்லை என்பது அந்தப் பலகையின் நிறத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஒன்றரை அடி: தீயின் எல்லைக்குள்

முதல் ஜோடி ஓட்டைகளைச் சுற்றி, டைல்ஸ் இடுக்குகள் பழுப்பேறிக் கிடந்தன. ஒரு டைல்ஸில் முடி போல மெல்லிய விரிசல். பலகை சுவரோடு ஒட்டியிருந்த கோட்டில், ஊறி உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டு துகள்கள் பசையோடு பசையாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. இந்தத் தட்டு எப்படிச் செத்தது என்று சொல்லப் பெரிய துப்பறிவாளர் தேவையில்லை.

குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியோடு நிற்பதில்லை. அழுத்தத்தால் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. விசில் தூக்கும்போது ஆவி நேராக மேல்நோக்கித்தான் சீறும். குக்கர் பத்து அங்குல உயரம் என்று வையுங்கள். விசிலுக்கும் ஒன்றரை அடித் தட்டுக்கும் நடுவே மிஞ்சுவது எட்டே அங்குலம். தினமும் சாதத்துக்கு நான்கு, பருப்புக்கு ஐந்து என்று அந்தப் பலகையின் அடிவயிற்றில் ஆவி அடித்தால், மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை எத்தனை மாதம் தாங்கும்?

ஆவியைவிட மோசமானது எண்ணெய். வடை, பூரி பொரிக்கும்போது எண்ணெய் 170 முதல் 190 டிகிரி சூட்டில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத திவலைகள் மேலே போய்த் தட்டின் அடிப்பாகத்தில் படியும். நாம் தட்டின் மேற்புறத்தைத்தான் துடைப்போம். அடிப்புறத்தைக் குனிந்து பார்க்கிறவர் யார்? அங்கே மாதக்கணக்கில் சேர்கிற பிசுக்கு வெறும் அழுக்கு இல்லை, எரிபொருள். என்றைக்காவது வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால், சுடர் முதலில் தொடுவது அதைத்தான். (அப்படிப் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டால் மூடி, ஆறும் வரை தொடாமல் விட வேண்டும்.)

அப்படியென்றால் எவ்வளவு இடைவெளி வேண்டும்? அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதிகள் அடுப்பின் மேற்பரப்புக்கும், அதற்கு மேலே மறைப்பு இல்லாமல் இருக்கும் மரம் போன்ற எரியும் பொருளுக்கும் இடையே 30 அங்குலம் கேட்கின்றன. நம் ஊரில் சிம்னி மாட்ட வருகிறவர்களும் கேஸ் அடுப்பு என்றால் பொதுவாக 26 முதல் 30 அங்குலம் வரை விடுகிறார்கள். இரண்டரை அடி என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

தட்டு பிழைத்தாலும், தட்டில் இருப்பவை பிழைக்குமா என்று பாருங்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், சாம்பார்ப் பொடி இவற்றின் மணம் எல்லாம் ஆவியாகிப் போகும் எண்ணெய்களில்தான் இருக்கிறது. சூட்டில் வைத்தால் மணம் டப்பாவுக்குள் காத்திருக்காது. மஞ்சள்தூளின் நிறம் வெளிச்சத்தில் வெளுக்கும். எண்ணெய்க்குச் சூடும் வெளிச்சமும் சேர்ந்தால் சிக்கு வாடை. உப்பும் சர்க்கரையும் ஆவி பட்டுக் கட்டி தட்டும். அடுப்புக்கு மேலே வைக்க நாம் ஆசைப்படும் எல்லாப் பொருளுமே அங்கே இருக்கக் கூடாத பொருள்தான். சின்ன வீடுகளில் சாமி படமும் சமையலறையில்தான். படத்தோடு கற்பூர டப்பாவும் தீப்பெட்டியும் அடுப்புக்கு மேலே குடியேறிவிடும். கரப்பான்பூச்சி ஸ்பிரேயை அங்கே வைக்கிறவர்களும் உண்டு. கற்பூரம், தீப்பெட்டி, ஸ்பிரே மூன்றையும் இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

எது ஆகும், எது ஆகாது

கடைக்காரர் பத்து வகை காட்டுவார். அடுப்புக்குப் பக்கத்துச் சுவருக்கு எது பொருந்தும் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

பிளைவுட் வேண்டும் என்றால் 'வாட்டர் ப்ரூஃப்' என்ற வாய்வார்த்தையை நம்பாமல் பலகையில் குத்திய முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட். ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கப்படும் ரகம். ஆனால் கொதிநீரைத் தாங்கும் பலகை தீயையும் தாங்கும் என்று அர்த்தமில்லை. மரம் மரம்தான். அடுப்புக்கு நேர் மேலே அதற்கு இடமில்லை. பக்கவாட்டில் தாராளமாகப் போடலாம்.

கடப்பா கல், நம் ஊர்ச் சமையலறைகளின் பழைய தோழன். ஆந்திரத்தின் கடப்பா வட்டாரத்திலிருந்து வரும் இந்தக் கறுப்புக் கல் சுண்ணாம்புக் கல் வகை. தீக்கு அஞ்சாது, எலுமிச்சைக்கும் புளிக்கும் அஞ்சும். அமிலம் பட்ட இடம் மங்கிப்போகும். கிரானைட்டுக்கு அந்தக் கவலை பெரிதாக இல்லை. இரண்டுக்கும் பொதுவான சிக்கல் எடை. மூன்றடி நீளம், எட்டு அங்குல அகலம், 18 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கல் சுமார் 9 கிலோ. ஒரு டப்பாகூட வைக்காத நிலையிலேயே சுவர் 9 கிலோ சுமக்கும். கொத்தனார் சுவரைக் குடைந்து கல்லைச் சொருகிக் கட்டினால் நிற்கும்; இரண்டு ஆங்கிளை நம்பி மாட்டுவது வீண் துணிச்சல்.

எவர்சில்வர்தான் இந்த இடத்துக்கு ஏற்றது. அதிலும் ஒரு விஷயம். "காந்தம் ஒட்டலையே, இது அசல் 304 தான்" என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள். 202 ரகத்திலும் காந்தம் சரியாக ஒட்டாது. 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202-ல் நிக்கல் குறைவு, அந்த இடத்தை மாங்கனீஸ் நிரப்பும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றில், ஒரு மழைக்காலம் போனால் வித்தியாசம் தெரிந்துவிடும். பில்லில் 304 என்று எழுதி வாங்குவதே உத்தமம். தகடாக இல்லாமல் கம்பி கம்பியாகவோ துளைத் துளையாகவோ இருந்தால் ஆவி தங்காது, பிசுக்கும் எளிதில் போகும். முன்பக்கம் அரை அங்குலமாவது விளிம்பு இருக்க வேண்டும். கிரைண்டர் ஓடும் அதிர்வில் டப்பாக்கள் மெல்ல நகரும். விளிம்பு இல்லாத தட்டிலிருந்து ஒருநாள் குதிக்கும்.

இரண்டரை அடி: சுவர் கைவிட்ட கதை

இரண்டாவது ஜோடி சரியான உயரத்தில்தான் இருந்தது. அடுப்பிலிருந்து இரண்டரை அடி. தீ விஷயத்தில் அந்தக் குடும்பம் கெட்டிக்காரக் குடும்பம். ஆனால் ஸ்டிக்கரைப் பிரித்தபோது, எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்குப் பள்ளம். தட்டைக் கழற்றியிருந்தால் ஓட்டைதான் இருக்கும். பள்ளம் என்றால், தட்டு தானாக விழுந்திருக்கிறது.

சுவரில் திருகாணி பிடிப்பதே ஒரு பெரிய கண்டுபிடிப்பின் கதை. முன்பெல்லாம் சுவரைக் குடைந்து மரக்கட்டை அடித்து, அதில் ஆணி இறக்குவார்கள். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களுக்குச் சேதம் வராமல் மின்சாதனங்களைப் பொருத்தும் வேலை ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவரிடம் வந்தபோது, சணல் நாரில் அவர் உருவாக்கியதுதான் ராவல் பிளக். காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1911-ல். நம் ஊர் எலக்ட்ரீஷியன்களில் மூத்தவர்கள் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். இளையவர்கள் சொல்லும் 'ஃபிஷர் பிளக்', ஜெர்மனியின் ஆர்ட்டர் ஃபிஷர் 1958-ல் உருவாக்கிய நைலான் பிளக்கின் நினைவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரர். 2016-ல் தன் 96-வது வயதில் காலமானார். திருகாணி உள்ளே போகப் போகப் பிளக் விரிந்து சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். சூட்சுமம் அவ்வளவுதான்.

அந்தச் சூட்சுமம் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: பிளக் விரிகிற இடத்தில் கெட்டியான சுவர் இருக்க வேண்டும். எங்கள் சுவரைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். டைல்ஸ் 8 மில்லிமீட்டர். அதன் பின்னால் ஒட்டிய கலவை சுமார் 15. அதற்கும் பின்னால் பூச்சு 12. ஆக 35 மில்லிமீட்டர் தாண்டிய பிறகுதான் செங்கல்லே தொடங்குகிறது. பெட்டிக்கடை ஹார்டுவேரில் தட்டோடு சேர்த்துத் தரும் பிளக்கின் நீளம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். பிளக் முழுக்க டைல்ஸிலும் பூச்சிலும் உட்கார்ந்திருக்கிறது. செங்கல்லை மூக்கால் தொட்டதோடு சரி! சுமை ஏறியதும் பூச்சையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டிய சுவருக்குக் குறைந்தது மூன்று அங்குல நீளப் பிளக்கும் அதற்கேற்ற திருகாணியும் வேண்டும் என்பது அந்தப் பள்ளம் சொல்லித்தந்த பாடம்.

சுவர் எந்த ரகம் என்பதை ட்ரில்லிலிருந்து கொட்டும் தூளே சொல்லிவிடும். சிவப்பாகக் கொட்டினால் செங்கல், கவலை இல்லை. சாம்பல் நிறத்தில் கொட்டி, ட்ரில் திணறினால் கான்கிரீட். பிடிப்பு பிரமாதமாக இருக்கும், துளை போடத்தான் பொறுமை வேண்டும். சாம்பல் தூளோடு ட்ரில் சுலபமாக இறங்கினால் ஃப்ளை ஆஷ் கல்லாக இருக்கலாம். வெள்ளை மாவு போலக் கொட்டி, வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் ஏ.ஏ.சி. பிளாக். புது அடுக்குமாடிகளில் இதுதான் அதிகம். இதில் ஹேமர் போட்டுத் துளைத்தால் ஓட்டை பெரிதாகிப் பிளக் ஆடும். சாதாரணச் சுழற்சியில் துளைத்து, இந்தக் கல்லுக்கென்றே விற்கும் பிளக்கைப் போட வேண்டும். பாதி இறங்கியதும் ட்ரில் திடீரென்று உள்ளே விழுந்தால், அது ஹாலோ பிளாக், உள்ளே வெற்றிடம். சாதாரணப் பிளக் அங்கே பிடிக்காது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 20 கிலோ சுமை உள்ள தட்டு சுவரைக் கீழ்நோக்கி அழுத்துவதோடு நிற்பதில்லை. மேல் திருகாணியை வெளியே இழுக்கவும் செய்கிறது. தட்டின் அகலம் 20 சென்டிமீட்டர், ஆங்கிளின் சுவர்க்கால் உயரம் 15 சென்டிமீட்டர் என்றால், அந்த இழுப்பு எல்லா ஆங்கிளுக்கும் சேர்த்து சுமார் 13 கிலோ. அதே தட்டை 30 சென்டிமீட்டர் அகலமாக்கி, அழகுக்காக ஆங்கிளை 5 சென்டிமீட்டராகக் குறைத்தால் இழுப்பு 60 கிலோ! சுமை மாறவில்லை, அகலமும் காலும் மாறியதற்கே நான்கு மடங்குக்கு மேல். தட்டு ஒடுக்கமாகவும் ஆங்கிளின் கால் நீளமாகவும் இருக்க வேண்டும். கேட்லாக்கில் அழகாகத் தெரிவது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

ட்ரில் எடுக்கும் முன்

• சுவிட்ச் போர்டுக்கும் குழாய்க்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கத்தில் துளை போடாதீர்கள். சுவருக்குள் வயரும் தண்ணீர்க் குழாயும் அந்தக் கோடுகளில்தான் ஓடும்.

• சமையலறைச் சர்க்யூட்டை அணைத்துவிட்டு, ட்ரில்லுக்கு வேறு அறையிலிருந்து மின்சாரம் எடுங்கள். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். கேஸ் வாடை இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு, வெளியே போய் 1906-க்கு அழையுங்கள்.

• நாலரை அங்குலச் சுவராக இருந்தால் ஆழம் முக்கியம். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அறையில் வெளிச்சம் தெரியும்.

• டைல்ஸில் குறி வைக்கும் இடத்தில் பேப்பர் டேப்பை ஒட்டுங்கள், பிட் வழுக்காது. டைல்ஸ் துளையும் வரை அதற்கான பிட், ஹேமர் இல்லாமல், மெதுவாக. அதன் பிறகுதான் சுவருக்கான பிட்.

• டைல்ஸ் இடுக்குக் கோட்டை நம்பி மட்டம் பார்க்காதீர்கள். அதுவே கோணலாக இருக்கும். ரசமட்டம் வைத்துக் கோடு போடுங்கள்.

• துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்துவிட்டுப் பிளக் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊதுங்கள்.

• மாட்டி முடித்ததும் டப்பா அடுக்காதீர்கள். ஓர் அரிசிப் பையைத் தட்டில் ஒருநாள் வைத்துப் பாருங்கள். விழுவதாக இருந்தால் அரிசியோடு போகட்டும்.

ஆறேகால் அடி: யாருடைய உயரம்?

மூன்றாவது ஜோடிதான் எங்களைக் குழப்பியது. டூத் பேஸ்ட்டைக் கிண்டி எடுத்தால், உள்ளே சுத்தமான ஓட்டை. நீளமான பிளக், நல்ல பிடிப்பு. சுற்றிலும் விரிசல் இல்லை, பழுப்பு இல்லை. அடுப்பிலிருந்து மூன்றடிக்கு மேல் இடைவெளி. எல்லா விதத்திலும் சரியாக மாட்டிய தட்டு. பிறகு ஏன் கழற்றினார்கள்?

விடை என் அம்மாவிடம் இருந்தது. அம்மாவின் உயரம் நான்கடி பதினோரு அங்குலம். என் கணவர் ஐந்தடி ஒன்பது. அவர் அந்த ஓட்டைகளைத் தொட்டுக் காட்டி, "இதே இடத்துல மாட்டிடலாம், ஓட்டை ரெடியா இருக்கு" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் அடுப்புக்கு முன்னால் போய் நின்று கையைத் தூக்கினாள். சுவருக்கும் அவளுக்கும் நடுவே இரண்டடி அகல மேடை. குதிகாலை உயர்த்தினாள். வயிறு மேடையில் அழுந்த, முந்தானை பர்னரின் மேல் தொங்கியது. விரல் நுனி சுவரைத் தொடவில்லை. "அடுப்பு எரியுதுன்னு வச்சுக்கோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

உயரமானவர் மாட்டுகிறார், குட்டையானவர் எட்டிப் பிடிக்கிறார். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். எரிகிற அடுப்புக்கு மேலே கையை நீட்டி எதையும் எடுக்கக் கூடாது என்பது எரிவாயுப் பாதுகாப்பின் பாலபாடம். சிந்தெடிக் சேலையோ நைட்டியோ பற்றினால் எரிவதோடு நில்லாமல் உருகித் தோலோடு ஒட்டும். இவ்வளவு தெரிந்தும் பெருங்காய டப்பாவை அங்கேதான் வைக்கிறோம். தாளிப்பு கருகுவதற்குள் அதை எடுக்கும் அவசரத்தில், அடுப்பை அணைத்துவிட்டு எடுப்பவர் எத்தனை பேர்? (கை சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். டூத் பேஸ்ட் சுவர் ஓட்டைக்கு ஆகும். தீக்காயத்துக்கு ஆகவே ஆகாது.)

சமையலறையை அளந்து கட்டுவது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1926-ல் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக, வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. வேலை செய்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதற்குக் கை நீட்டுகிறார் என்றெல்லாம் கணக்கிட்டு, மாவுக்கும் சர்க்கரைக்கும் பெயர் எழுதிய அலுமினிய இழுப்புப் பெட்டிகளைக்கூட அதில் வைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனின் பாட்டி அதுதான். வேடிக்கை என்னவென்றால், அதை வடிவமைத்த காலத்தில் தனக்குச் சமைத்த அனுபவமே இல்லை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவர், கை போகும் வழியை அளந்தார். நாம் சுவரை மட்டும் அளக்கிறோம்.

ஆச்சி வீட்டு அடுக்களை

அன்று இரவு அம்மா, தன் அம்மாவின் வீட்டு அடுக்களையைப் பற்றிச் சொன்னாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். விறகு அடுப்பு. அடுப்புக்கு நேர் மேலே பரண். அப்படியானால் ஆச்சியும் அடுப்புக்கு மேலேதான் தட்டு வைத்திருந்தாள்!

"அதுல என்னம்மா இருக்கும்?"

"கருப்பட்டி இருக்கும், ஓலைப் பெட்டியில. மழக்காலத்துல வெளிய வச்சா கசிஞ்சு போவும்லா, அதுக்குப் புகை வேணும். வெதைக்கு வச்ச பீர்க்கங்கா நெத்து, சொரக் குடுக்கை எல்லாம் தொங்கும். புகை பட்டா வண்டு வராது. ஈர வெறகு கெடக்கும்."

"உப்பு, மிளகாய் எல்லாம்?"

"அது எதுக்குட்டி பரணுக்குப் போவுது? உப்பு மரவை கைக்குப் பக்கத்துல, அடுப்புத் திண்டுல இருக்கும். மிச்சமெல்லாம் பக்கத்துச் சுவத்து மாடக்குழியில. ஆச்சி உக்காந்த எடத்துல இருந்தே எடுப்பா."

மூன்று குடும்பங்கள் ஆறு ஓட்டை போட்டுக் கண்டுபிடிக்காததை ஆச்சி ஒரு பரணிலும் ஒரு மாடக்குழியிலும் முடித்திருந்தாள். புகையும் சூடும் எதற்கு நல்லதோ, அது அடுப்புக்கு மேலே. அதை எடுக்க அவள் அடுப்பு எரியும்போது போக மாட்டாள். கை எதை அடிக்கடி தேடுமோ, அது அடுப்புக்குப் பக்கத்தில். கேஸ் அடுப்பில் புகை இல்லை. ஆகவே மேலே வைக்கப் பொருளும் இல்லை. விறகு போன பிறகும் பரணை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, அதில் மாடக்குழிச் சாமானை ஏற்றியதுதான் நாம் செய்த தவறு.

நான்காவது தட்டு

ஹவுஸ் ஓனரிடம் போனில் அனுமதி கேட்டேன். "ஏற்கெனவே ஆறு இருக்கு, இன்னும் நாலாம்மா?" என்றார். டூத் பேஸ்ட் ரகசியம் அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அடுப்பின் இடதுபுறம், பர்னர் ஓரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, மிக்ஸிக்கு மேலே உள்ள சுவரைத் தேர்ந்தெடுத்தோம். 304 எவர்சில்வர், கம்பித் தட்டு. நீளம் இரண்டரை அடி, அகலம் ஆறு அங்குலம். ஆறு அங்குலத்தில் டப்பா ஒரு வரிசைதான் நிற்கும்; பின் வரிசையில் எது இருக்கிறது என்று தேடுகிற வேலையே இல்லை. எட்டு அங்குல ஆங்கிள் இரண்டு, துளை நான்கு. எல்லாம் முடிவானது, உயரத்தைத் தவிர.

கணவர் டேப்பை விரித்தார். அம்மா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அஞ்சறைப் பெட்டியில் ஒரு விரலைத் தொட்டுக்கொண்டு மேடைக்கு முன்னால் நின்றாள். தோளை உயர்த்தாமல், குதிகாலைத் தூக்காமல், கை எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு நீட்டி, டைல்ஸில் மஞ்சளால் ஒரு கோடு இழுத்தாள். அளந்து பார்த்தால், தரையிலிருந்து 140 சென்டிமீட்டர். மிக்ஸி ஜார் மூடியைத் திறக்கக் கீழே தாராளமாக இடம் இருந்தது.

பக்கச் சுவரே இல்லாத வீடுகள் உண்டு. ஜன்னலும் வாசலும் போக அடுப்புச் சுவர் ஒன்றுதான் மிச்சம் என்பவர்கள் என்ன செய்வது? மாட்டலாம். அடுப்பிலிருந்து இரண்டரை அடிக்குக் குறையாமல், எவர்சில்வரில், ஆறு அங்குல அகலத்துக்குள். அதற்கு மேல் அகலம் கூடினால் தட்டு பர்னருக்கு நேர் மேலே வந்துவிடும். இட்லித் தட்டு, பண்டிகைக்கு எடுக்கும் பாத்திரம் என்று, அடுப்பு எரியும்போது யாரும் தேடாத சாமானை மட்டும் வையுங்கள். அது பரண் என்ற நினைப்பு இருந்தால் போதும். பிறகு சிம்னி மாட்டும் எண்ணம் இருந்தால், அந்த இடத்தைத் தொடாமலே விடுங்கள்.

பழைய ஆறு ஓட்டைகளையும் வெள்ளை சிமென்ட் வைத்து நானே அடைத்தேன். அடுப்புக்கு மேலே இப்போது வெறும் சுவர். முதல் இரண்டு நாள் கண்ணை உறுத்தியது. பிறகு, துடைப்பதற்கு அவ்வளவு சுலபமான இடம் வீட்டில் வேறெதுவும் இல்லை என்று தெரிந்தது.

காலையில் அம்மா பால் காய்ச்சுகிறாள். பால் பொங்கி வருகிற நேரம். கண் பாத்திரத்தை விட்டு நகராது. வலது கை அடுப்பின் திருகில் இருக்கிறது. இடது கை, திரும்பிப் பார்க்காமலேயே பக்கத்துத் தட்டுக்குப் போய், காப்பித்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு வருகிறது. தட்டுக்குக் கீழே அந்த மஞ்சள் கோடு இன்னும் இருக்கிறது. டைல்ஸ் துடைக்கும்போது அதை மட்டும் விட்டுவிடுகிறேன்.